ஆபரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: வடசென்னை வீடுகளில் கேட்டவை

தியேட்டர் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு தண்டையார்பேட்டையில். எங்கள் பக்கத்தில் யாருக்கு ஆபரேஷன் தேதி குறித்தாலும் முதல் நாள் ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூரிலிருந்து போனிலும் கேட்பார்கள். ஆள் மாறுவார்களே தவிர கேள்வி மாறாது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. நோயாளிகள் "கவனமே இல்ல" என்று குறைப்படுகிற பல விஷயங்கள் உண்மையில் அவர்களைக் காப்பாற்றத்தான் செய்யப்படுகின்றன. "நல்ல டாக்டர், ஒரு கேள்விகூடக் கேக்கல" என்று மெச்சுகிற இடத்தில்தான் எனக்குப் பயம் வரும். மருந்து, தேதி, சாப்பாடு எல்லாவற்றிலும் உங்களைப் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. இங்கே எழுதியிருப்பது அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள.

"ஆளாளுக்கு வந்து பேரு இன்னா, வயசு இன்னா, எந்தக் காலுன்னு கேக்குறாங்க. கேஸ் ஷீட்ட யாரும் பாக்கவே மாட்டாங்களா?"

பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கேஸ் ஷீட்டில் இருப்பதும் உங்கள் வாயிலிருந்து வருவதும் ஒன்றா என்று பார்ப்பதற்காகவே வார்டில் ஒரு முறை, தியேட்டர் வாசலில் ஒரு முறை, டேபிளில் படுக்க வைத்த பிறகு ஒரு முறை கேட்பார்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று குமார் இருப்பது நம் ஊரில் சாதாரணம். இனிஷியலை நம்பி ஆளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

சரியாகக் கேட்பவர் "உங்க பேர் என்ன?" என்று கேட்பார். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் அது அரைகுறை. பயத்திலும் தூக்க ஊசியிலும் இருப்பவர், காது மந்தமானவர், எதற்கும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்டால் தலையாட்டாமல் முழுப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கையில் கட்டிய பட்டையை அரிக்கிறது என்று கழற்றாதீர்கள்.

"முட்டிக்கு மேல பேனாவால குறி போட்டுட்டுப் போனாங்க. குளிக்கும்போது தேச்சு அழிச்சிட்டேன், தப்பா?"

தப்பு என்று பயப்பட வேண்டாம், ஆனால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், திரும்பப் போடுவார்கள். இடது, வலது என்று இரண்டு இருக்கிற உறுப்பு எதுவானாலும், குடலிறக்கம், கண்புரை, மூட்டு, கை என எல்லாவற்றிலும், நீங்கள் விழித்திருக்கும்போதே குறி போட வேண்டும். யாரும் போடவில்லை என்றால் "டாக்டர், மார்க் பண்ணலியே" என்று கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

"தியேட்டருக்குள்ள போனதும் கத்திய எடுத்துடுவாங்களா? உள்ள இன்னாதான் நடக்குது?"

கத்தியை எடுக்கும் முன் நிறைய பேச்சு நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மூன்று இடத்தில் எல்லோரும் நின்று, சத்தமாகக் கேட்டு, சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு முன்: ஆள் யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், கையெழுத்து இருக்கிறதா, அலர்ஜி உண்டா, ரத்தம் நிறைய போகுமா. கத்தி வைப்பதற்கு முன்: அதையே மறுபடியும், கூடவே ஆன்டிபயாட்டிக் ஊசி கடந்த 60 நிமிடத்துக்குள் போட்டாயிற்றா, எக்ஸ்ரே கண்ணெதிரே மாட்டியிருக்கிறதா. வெளியே அனுப்புவதற்கு முன்: பஞ்சு, கருவி கணக்கு சரியா, சதைப் பரிசோதனைக்கு எடுத்த பாட்டிலில் சரியான பெயர் ஒட்டியாயிற்றா.

டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் ஒவ்வொரு மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகான சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை.

அந்தப் பட்டியலில் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு தடவை வாயைத் திறந்து பேசிவிட்ட சின்னப் பொண்ணு, பிறகு "சார், கவுண்ட் இடிக்குது" என்று சீஃப்பிடம் சொல்லத் தயங்கமாட்டாள். இதை நானே பார்த்திருக்கிறேன்.

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. காலையில ஒரே ஒரு டீ குடிச்சிட்டாரு. சொல்லணுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், பிரியாணி, பரோட்டா, கறிக்கு 8 மணி நேரம். பால் கலந்த டீயைத் தண்ணீர் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதற்கும் 6 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் அனுமதி உண்டு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். உங்களுக்கு எந்த நேரம் என்பதை மயக்க டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முன்னே பின்னே ஆகும்.

சொன்னால் திட்டுவார்கள், தேதி தள்ளிப்போகும் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டுதான் விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

"பட்டினி போட்டு சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து, நாளைக்குன்னு சொல்லிட்டாங்க. ஏழைங்கன்னா இப்படியா?"

கோபம் நியாயம்தான். காரணம் பெரும்பாலும் நடுவில் வந்த எமர்ஜென்சி கேஸ், ரத்தம் வராதது, காலையில் ஏறிய பி.பி., புதிதாக வந்த சளி இருமல். சளியோடு மயக்கம் கொடுப்பதைவிட ஒரு வாரம் தள்ளுவது நல்லது. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விடுவது தவறு. "எதனால தள்ளுச்சு, நாளைக்கு லிஸ்ட்ல நான் எத்தனையாவது?" என்று கேளுங்கள்.

தள்ளியாயிற்று என்று உறுதியானதும் சாப்பிடலாமா என்று அப்போதே கேட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். பல பேர் யாராவது வந்து சொல்வார்கள் என்று ராத்திரி வரை காய்ந்துகொண்டிருப்பார்கள். சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் கவனம். காத்திருக்கும்போதே படபடப்பு, வியர்வை வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். லிஸ்டில் முதலில் வைக்க முடியுமா என்று முதல் நாளே கேட்பதும் நல்லது.

"பி.பி., சுகர், ரத்தம் உறையாத மாத்திரை எல்லாம் சாப்பிடுறேன். எத நிறுத்தணும்?"

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் போடாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு மயக்க டாக்டர் பார்க்கிற அன்றைக்கே எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, லேகியம், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அந்தக் கவரில் இருக்க வேண்டும். "அதெல்லாம் மருந்தா" என்று விட்டுவிடுவதில்தான் வம்பு வருகிறது.

ரத்தம் உறையாத மாத்திரையை ஆபரேஷன் என்றதும் சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படிச் செய்தால் ஸ்டென்ட் அடைக்கலாம். அதே மாத்திரையைச் சொல்லாமல் தொடர்ந்தால் டேபிளில் ரத்தம் நிற்காது. சர்ஜனும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது இது. சர்க்கரை மாத்திரைகளில் பெயர் "ஃப்ளோசின்" என்று முடிபவற்றை 3, 4 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம், ஆகவே கடைசி நாளில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எந்த மருந்துக்காவது முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அந்தப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

"குடிப்பாரான்னு கேட்டாங்க. மானம் போயிடுமேன்னு இல்லன்னு சொல்லிட்டேன். பரவால்லியா அக்கா?"

இல்லைம்மா, உடனே போய்ச் சொல்லு. இந்தக் கேள்வி எங்கள் பக்கம் பெண்கள் தணிந்த குரலில்தான் கேட்பார்கள். தினமும் குடிப்பவரை வார்டில் சேர்த்ததும் குடி நின்றுவிடுகிறது. ஒரு நாளில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார், தையலைப் பிடித்து இழுப்பார், வலிப்புகூட வரலாம். சில பேருக்கு உயிரே போகும். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். தெரியாவிட்டால் சீழ் வைத்துவிட்டதோ, தலையில் ஏதாவதோ என்று டாக்டர்கள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், இரண்டும் வேண்டும். பீடி, சிகரெட், மாவா, ஹான்ஸ் கணக்கும் அப்படித்தான். கேட்பவர் ஒழுக்கத்துக்கு மார்க் போட வரவில்லை, மருந்தின் அளவைப் போட வந்திருக்கிறார்.

"தாலியக் கழட்டச் சொல்றாங்க. வேற வழியே இல்லியா?"

உண்டு. ரத்தக் குழாயைச் சுட்டு மூடுவதற்கு தியேட்டரில் மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும் என்ற பயம். மோதிரம், மெட்டி என்றால் விரல் வீங்கி இறுக்கிவிடும். அதனால் தாலிச் சரட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வருவது நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். கழுத்தில் ஆபரேஷன் என்றால் அதையும் கையில் கட்டச் சொல்வார்கள். குழந்தைகளின் வெள்ளி அரைஞாண் கொடியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

நகையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பல்செட், ஆடும் பல் இருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நகப் பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டுகிற கருவி ஆக்சிஜனை அதன் வழியாகத்தான் படிக்கிறது. வீட்டிலேயே பிளேடால் முடியை மழித்துக்கொண்டு வராதீர்கள், சின்னக் கீறலில் கிருமி புகும். தேவையானால் அங்கே மெஷினால் எடுப்பார்கள்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலின்னு சொல்றாங்களே?"

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். ஆயுசுக்கும் வலி வருவதற்கு அந்த ஊசி காரணம் என்று சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல், குனிந்து குழந்தையைத் தூக்கி, உட்கார்ந்து பால் கொடுத்து வருகிற முதுகுவலியை ஊசியின் தலையில் போட்டுவிடுகிறோம். ஊசி குத்துகிற இடம் தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே. ஆனால் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால் அது ஊசியால் வந்ததாக இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

"ஹை ரிஸ்க்னு எழுதி கையெழுத்து கேட்டாங்க. ஏதாவது ஆனா அவங்க பொறுப்பு இல்லன்னு அர்த்தமா?"

இல்லை. கவனக்குறைவால் நடந்ததை எந்தக் கையெழுத்தும் மன்னிக்காது. உங்களுக்கு ஆபத்தை எடுத்துச் சொன்னோம், தெரிந்து சம்மதித்தீர்கள் என்பதற்குத்தான் அது. ஆனால் சொல்லாமலேயே கையெழுத்து வாங்கினால் அதற்கு அர்த்தமே இல்லை. அதனால் பேனாவை வாங்கும் முன் மூன்று கேள்வி: என் உடம்பில் எதனால் இது ஹை ரிஸ்க்? அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள், ஐ.சி.யூ. பெட், ரத்தம், இதய டாக்டர்? ஆபரேஷன் பண்ணாமல் விட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு, பதில் அதில்தான் பாதி இருக்கிறது. காலியாக விட்ட தாளில் கையெழுத்து போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கைநாட்டு வையுங்கள்.

"கையெழுத்து நான் போடணுமா, என் வீட்டுக்காரர் போடணுமா? உள்ள போனப்புறம் வேற ஏதாவது சேத்து பண்ணிட்டா?"

வயது வந்து, சுயநினைவோடு இருப்பவர் என்றால் உங்கள் கையெழுத்துதான் அடிப்படை. கணவர் கையெழுத்தையும் சேர்த்து வாங்குவது பல இடங்களில் வழக்கம், சில ஆபரேஷனுக்கு அவசியமும்கூட. ஆனால் அது உங்களுடையதற்கு மாற்று ஆகாது. இதை உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது, உயிரைக் காப்பாற்ற அந்த நிமிடமே செய்தாக வேண்டும் என்றால் மட்டும் விதிவிலக்கு என்றது நீதிமன்றம்.

பிரசவ ஆஸ்பத்திரிகளில் இது ரொம்பப் பொருந்தும். சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு, காப்பர் டி என்றால் அதற்குத் தனியாகச் சொல்லித் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். இடுப்பு வலியில் துடிக்கும்போது யோசிக்க முடியாது. ஏழாம் மாத செக்கப்பிலேயே வேண்டுமா வேண்டாமா என்று பேசி அட்டையில் எழுத வைத்துவிடுங்கள்.

"பெரிய டாக்டர் பண்ணுவாருன்னு நம்பிப் போனோம். உள்ள சின்னப் பசங்கதான் பண்ணாங்களாம். எங்கள வச்சு கத்துக்கிறாங்களா?"

ஸ்டான்லி, ஜி.எச். போன்றவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள். அங்கே பி.ஜி. டாக்டர்கள், அதாவது டாக்டராகி மேல்படிப்பு படிப்பவர்கள், கற்றுக்கொள்கிறார்கள் என்பது உண்மை, மேலே ஆள் நிற்க வேண்டும் என்பதும் உண்மை. உங்கள் கேள்வி "யார் பண்ணுவாங்க, கூட யார் இருப்பாங்க?" என்று இருக்கட்டும். அந்த ஆபரேஷனை நிறைய செய்த உதவிப் பேராசிரியர் கூட நின்றால் போதுமானது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் ட்யூப் அடைத்தால் ஓடி வருகிறவரும் அந்தச் சின்ன டாக்டர்தான், அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

"ரவுண்ட்ஸ்ல பத்து பேரு வந்து இங்கிலீஷ்ல பேசிட்டுப் போயிடுறாங்க. கேட்டா கோச்சிப்பாங்கன்னு பயமா கீது. எப்படிக் கேக்குறது?"

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ரவுண்ட்ஸ் நேரத்தில் அட்டெண்டரை, அதாவது துணைக்கு இருக்கும் வீட்டு ஆளை, வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் நோயாளிக்கு வலி, பயம். வெளியே இருப்பவருக்குத்தான் கேள்வி. அதனால் ராத்திரியே இரண்டு பேரும் பேசி, ரொம்ப முக்கியமான இரண்டு கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி நோயாளி கையில் கொடுத்துவிடுங்கள். எழுதிய தாளைப் பார்த்தால் டாக்டர் நிற்பார். பத்து கேள்வி எழுதினால் நிற்கமாட்டார்.

கேட்கிற விதமும் உண்டு. "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றால் எதிராளி சட்டென்று விறைத்துக்கொள்வார். "நான் புரிஞ்சிக்கிட்டதச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். பித்தப்பையில் கல், குழாய் வழியாக எடுப்பார்கள், முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்கள், இரண்டு நாளில் வீடு. இதில் எது தப்பாக இருந்தாலும் அவரே திருத்திவிடுவார். நீங்கள் கேள்வி கேட்டது மாதிரியே இருக்காது.

ரவுண்ட்ஸில் முடியாவிட்டால் சாயங்காலம் பி.ஜி. டாக்டர் வருவார், கூட்டம் இருக்காது. உட்கார்ந்துகூடச் சொல்வார். வேலை முடியும் நேரத்தில் சிஸ்டரைப் பிடிக்காதீர்கள், அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைத்துக்கொண்டிருப்பார். அப்புறம், வீட்டில் ஒருவர் மட்டும் கேளுங்கள். காலையில் மருமகன், மதியம் மச்சான், ராத்திரி ஊரிலிருந்து வந்த சித்தப்பா என்று ஆளுக்கு ஒரு முறை கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் மாதிரித்தான் காதில் விழும். பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

இதையெல்லாம் மீறி எரிந்து விழுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவரை விட்டுவிட்டு யூனிட்டில் இன்னொருவரிடம் கேளுங்கள், கேள்வியை மட்டும் விடாதீர்கள்.

"எங்களுக்குத் தமிழே சரியா வராது, வீட்ல தெலுங்குதான். கூட வேலை செய்யுற பையனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். என்ன பண்றது?"

புரிகிற மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்குவது உங்கள் உரிமை. வடசென்னையில் தெலுங்கும் உருதும் பேசும் ஊழியர் வார்டில் யாராவது இருப்பார்கள், கேட்டால் கூப்பிடுவார்கள். வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பயமான வார்த்தையை அது விழுங்கிவிடும். இந்திக்காரப் பையனுக்கு மேஸ்திரி பேசுவதும் சிக்கல்தான், விபத்து எப்படி நடந்தது என்பதை மேஸ்திரி தன் வசதிக்குச் சொல்வார்.

"உள்ள பஞ்ச வச்சு தைச்சிட்டாங்கன்னு செய்தியில வருதே. நம்ம எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

தியேட்டரில் பஞ்சு, துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் ஆரம்பிக்கும் முன்பும் மூடும் முன்பும் எண்ணுவோம். மேலே சொன்ன பட்டியலின் மூன்றாவது கட்டம் இதுதான். உள்ளே வைக்கும் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு நூல் ஓடும். கணக்கு இடித்தால் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடுவோம், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. அவசர ஆபரேஷன், உடல் பருமன், ஆபரேஷன் நடுவே ஆள் மாறுவது, இந்த மூன்றிலும்தான் தவறு அதிகம் நடக்கிறது.

வெளியே இருப்பவருக்கு வழி ஒன்றுதான். வாரங்கள் கழித்தும் விடாத வலி, காய்ச்சல், ஆறாத புண் இருந்தால் "ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்பது.

"கவர்மென்ட்ல பண்றது சேஃபா, பிரைவேட்ல பண்றது சேஃபா? காப்பீட்டு கார்டுன்னா கண்டுக்க மாட்டாங்களாமே?"

கட்டிடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஆபரேஷனை இங்கே அடிக்கடி செய்கிறார்களா, மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை கூடவே இருப்பாரா, ராத்திரி டாக்டர் உண்டா, நிலைமை மோசமானால் ஐ.சி.யூ. இங்கேயா அல்லது ஆம்புலன்ஸ் ஏற்ற வேண்டுமா? இதற்குப் பதில் நன்றாக இருக்கிற இடம் நல்ல இடம். கை அடிபட்டால் எனக்கு ஸ்டான்லிதான். அங்கே கை அறுவை சிகிச்சைக்கென்று பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி வளர்த்த துறை நாடு முழுக்கப் பேர் பெற்றது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு என்றால் தனியாகக் கத்தி கிடையாது, அதே தியேட்டர், அதே சரிபார்ப்பு. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

"மெஷின்ல விரல் போயிடுச்சு, ரத்தமா கொட்டுது. அப்ப எங்கேர்ந்து கேள்வி கேக்குறது?"

கேட்க வேண்டாம், சொல்லுங்கள். என்ன அலர்ஜி, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் (குடித்தார் என்பதையும் சேர்த்து). நினைவில்லாமல் உயிருக்குப் போராடுபவருக்குக் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் வரட்டும் என்று முதல் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும்.

"வீட்டுக்கு வந்தாச்சு. எதுக்கெல்லாம் திரும்ப ஓடணும்?"

காய்ச்சல், தையலில் சீழ் அல்லது விரிவு, நிற்காத வாந்தி, வயிறு உப்பல், சிறுநீர் வராதது என்றால் அன்றைக்கே. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் 108. டிஸ்சார்ஜ் சம்மரியை இங்கிலீஷில் கொடுப்பார்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன் மாத்திரை, தையல் பிரிக்கும் தேதி, எந்த ஓ.பி. நாள் இந்த மூன்றையும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

"அம்மாவுக்கு கேன்சர்னு அவங்களுக்குச் சொல்ல வேணாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டோம். ஆனா கையெழுத்து அவங்கதான் போடணுமாமே?"

கையெழுத்து பற்றி மேலே சொன்னதே இங்கேயும். மார்பகத்தை எடுக்கிற ஆபரேஷன் என்றால், கட்டி என்று மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தொகுத்த 17 நோயாளி உரிமைகளிலும் தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது இருக்கிறது.

பயந்துவிடுவார்கள் என்ற உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை அம்மாக்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது, பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவர்களும் காட்டிக்கொள்வதில்லை. டாக்டரிடம் "எல்லாத்தையும் தெரிஞ்சிக்க விரும்புறீங்களா, பையன்கிட்ட மட்டும் சொல்லட்டுமான்னு அம்மாகிட்டயே கேளுங்க" என்று சொல்லுங்கள். பையனிடம் சொன்னால் போதும் என்று அம்மாவே சொன்னால் அது அவர் முடிவு. அப்படிச் சொன்ன அம்மாவும் உண்டு, "என் உடம்பு, எனக்குச் சொல்லு" என்று மகனை அதட்டிய அம்மாவும் உண்டு.

"ஏதோ தப்பு நடந்துடுச்சுன்னு தோணுது. யாருகிட்ட போறது? கேஸ் ஷீட்ட குடுப்பாங்களா?"

எல்லாக் கெட்ட முடிவும் தவறு இல்லை, அதனால் முதலில் யூனிட் சீஃப்பிடம் உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். என்ன நடந்தது, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நேரே பார்த்துப் பேசுகிற டாக்டரோடு பெரும்பாலோர் சமாதானம் ஆகிவிடுகிறார்கள், ஒளிகிறவர்மேல்தான் வழக்கு போகிறது. திருப்தி இல்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ. (நிர்வாகத்தைப் பார்க்கிற மருத்துவ அதிகாரி), பிறகு டீன். சுகாதார உதவி எண் 104-லும் முதல்வர் உதவி எண் 1100-லும் புகார் சொல்லலாம். ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கத்துவது, கண்ணாடியை உடைப்பது வேண்டாம். அதற்கென்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது, அடித்தவர் ஜெயிலுக்குப் போவார், உங்கள் புகார் காணாமல் போகும்.

உள்நோயாளி ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 3 ஆண்டு வரை வைத்திருக்கவும் வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். நஷ்டஈடு என்றால் நுகர்வோர் ஆணையம், பொதுவாக 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரிமேல் நுகர்வோர் ஆணையத்தில் போக முடியாது என்று 1995 தீர்ப்பு இருக்கிறது. அங்கே நடந்ததற்கு சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம், மனித உரிமை ஆணையம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, நகலை மட்டும் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.